பழைய நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருத்துதல்: மூலப் பாகமா, மலிவுப் பாகமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் கிழக்குக் கரையோரத்திலும் கிணற்று நீரை நம்பித் தோட்டஞ் செய்வோர்க்கு நீரிறைக்கும் இயந்திரம் மண்வெட்டிக்கு அடுத்த கருவியாகிவிட்டது. முன்னர் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த வேலையைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மண்ணெண்ணெய் இயந்திரங்கள் சிறிது சிறிதாக ஏற்றுக்கொண்டன. மின்சாரப் பம்பிகள் பரவியுள்ள இக்காலத்திலும் மின்கம்பி எட்டாத கிணறுகளிலும், சிறுபோகத்தில் வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு நீரேற்ற வேண்டிய இடங்களிலும், இரண்டங்குலக் குழாய் பூட்டிய சிறு பெற்றோல் இயந்திரமே கமக்காரனுக்குக் கைகொடுக்கின்றது.

இவ்வியந்திரங்களுட் பல பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்தவை. அவற்றின் வார்ப்பும் உடலும் இன்னும் உறுதியாகவே இருக்க, உள்ளே தேயும் பாகங்கள் மட்டும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டியனவாகும். அவ்வேளையில் கமக்காரர் கடைக்குச் சென்றால் ஒரே பாகம் மூன்று, நான்கு விலைகளில் முன்வைக்கப்படுகின்றது. “இது யப்பான், இது இந்தியா, இது சீனா, எல்லாம் ஒன்றுதான்” என்று கடைக்காரர் கூறுவார். எல்லாம் ஒன்றல்ல. எனினும் விலை கூடியதே எப்பொழுதும் நல்லது என்பதும் உண்மையன்று. எப்பாகத்தில் சிக்கனம் பிடிக்கலாம், எப்பாகத்தில் பிடிக்கலாகாது என்பதை அறிந்துகொள்வதே இங்கு வேண்டுவது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியமையால், இறக்குமதியாகும் மூலப் பாகங்களின் விலையும் உயர்ந்தது. அதன் பின்னர் இவ்வினா முன்னரிலும் முக்கியமாகிவிட்டது.

வெங்காயத்துக்குக் காய்கட்டும் பருவத்தில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீர் வேண்டும். அப்பருவத்தில் இயந்திரம் ஒரு கிழமை நின்றால் இழப்பது பாகத்தின் விலையை அன்று, அப்போகத்தின் முதலையேயாகும். ஆதலால் பாகத்தின் தரத்தைப் பற்றிய கேள்வி உண்மையில் பயிரைப் பற்றிய கேள்வியே.

பாகம் வாங்குமுன் நோயை அறிதல்

நல்ல பாகங்கள் பல, குற்றமில்லாத இடத்தில் பூட்டப்பட்டு வீணாகின்றன. “இயந்திரம் இழுக்கவில்லை, றிங் போய்விட்டது” என்று உருளையைத் திறப்பதற்கு முன்னர் பின்வருவனவற்றைப் பார்த்தல் வேண்டும்.

பம்பி நீரை உறிஞ்சுவதில்லை. குழாயினுள் உள்ள வளியை அது வெளியேற்ற, வெளியிலுள்ள வளியமுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. கடல் மட்டத்தில் அவ்வமுக்கம் தாங்கக்கூடிய நீர்நிரலின் உயரம் ஏறத்தாழ 10.3 மீற்றர். குழாயின் உராய்வும் சிறு வளிக்கசிவுகளும் சேர்ந்தால் நடைமுறையில் 7 மீற்றருக்கு, அதாவது இருபத்து மூன்று அடி அளவுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. ஆடி, ஆவணி மாதங்களில் கிணற்று நீர்மட்டம் இறங்கும்போது இவ்வெல்லையை அடைந்துவிட்ட இயந்திரத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த பாகத்தைப் பூட்டினாலும் நீர் ஏறாது. மட்டம் எல்லைக்குள் இருந்தும் நீர் வராவிடின், உறிஞ்சுகுழாயின் பூட்டுக்களில் வளி புகுகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு பூட்டையும் சுற்றிக் குழைத்த களிமண்ணையோ கிறீசையோ அப்பி இயந்திரத்தை ஓட்டினால், கசிவுள்ள இடம் அடைபட்டவுடன் நீர் கூடிவரும். பல இயந்திரங்களின் “நோய்” ஒரு புதிய கவ்வியோடு தீர்ந்துவிடும்.

குளிர்ந்த நிலையில் நன்கு தொடங்கி இருபது நிமிடத்தில் நின்று, சற்று ஆறியபின் மீண்டும் ஓடும் இயந்திரத்துக்குப் பொறிச்சுருளான கொயிலை மாற்றும்படி கூறுவோர் பலர். சூடேறியதும் உள்ளே அறுபடும் கொயில் இவ்வாறு செய்வதுண்டு. ஆயினும் எரிபொருட் தாங்கியின் மூடியிலுள்ள சிறு வளித்துளை அடைபட்டாலும் இதே குறி தோன்றும். எரிபொருள் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி அதன் ஓட்டம் நின்றுவிடுகின்றது. மூடியைச் சிறிது தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். இச்சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை.

அமுக்கம் குறைந்ததாகத் தோன்றினால், பிளக்கைக் கழற்றி அத்துளையூடாக ஒரு தேக்கரண்டி அளவு எஞ்சின் ஒயிலை விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். இழுவை இறுகினால் முசல வளையங்கள், அதாவது றிங்குகள், தேய்ந்துள்ளன. மாற்றமில்லையாயின் வால்வுகளே சரியாக அமரவில்லை. வால்வின் இடைவெளி குறைந்தமையே பெரும்பாலும் காரணமாதலால், அளவுத் தகடு ஒன்றும் ஒரு சாவியும் கொண்டு அரை மணி நேரத்திற் திருத்தக்கூடிய குற்றத்துக்காகத் தலையைக் கழற்றிப் புதிய வால்வு வாங்குதல் வேண்டியதில்லை. நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை வளி போதாமையையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும். கரும்புகை கண்டவிடத்து முதலில் வளிவடியைக் கழுவுக.

பாகங்களின் வகை

சந்தையிலுள்ள பாகங்களை மூலம், போலி என இரண்டாகப் பிரித்தல் போதாது. இயந்திரத்தைச் செய்த கம்பனியின் பெயரோடு வருவது மூலப் பாகம். அக்கம்பனிகள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. பெயறிங், ஒயில் சீல், பிளக்கு, காபறேற்றர் போன்றவற்றை அவற்றுக்கெனவே உள்ள தொழிற்சாலைகளிலிருந்து வாங்குகின்றன. அத்தொழிற்சாலையின் சொந்தப் பெயரில் வருவது மூலப் பாகத்துக்கு ஒப்பானது, விலையோ குறைவு. இதை அறிந்த கமக்காரன் அதிகம் மிச்சம் பிடிப்பான். மூன்றாவது, வேறு கம்பனிகள் தம் பெயரையிட்டுச் செய்யும் மாற்றுப் பாகம். இதில் நல்லதும் உண்டு, தீயதும் உண்டு. நான்காவது, பெயரில்லாத பொதியில் வருவது. ஐந்தாவது, மூலக் கம்பனியின் பெயரைப் பொய்யாக அச்சிட்டு வருவது. இவற்றுள் மிகக் கேடானது ஐந்தாவதே. நான்காவதின் தரத்தை முதலாவதின் விலைக்கு அது விற்கின்றது.

யப்பானிய ஹொண்டா கம்பனியின் ஜீஎக்ஸ் 160 என்னும் 163 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பின்பற்றிச் சீனாவிற் பல தொழிற்சாலைகள் எஞ்சின்கள் செய்கின்றன. அவற்றின் பக்கத்தில் 168எஃப் என்பது போன்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண் 1 உருளையின் எண்ணிக்கையையும், அடுத்துவரும் 68 உருளையின் உள்விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். அவ்வாறே 170எஃப் என்பது 70 மி.மீ. விட்டமுடைய ஓருருளை எஞ்சின். 188எஃப் என்பது 88 மி.மீ. உடையது. 168எஃப்-2 எனின் விட்டம் அதே 68 ஆயினும் வீச்சு நீண்டது: 45 மி.மீ.க்குப் பதிலாக 54 மி.மீ.; கொள்ளளவு 196 கன சென்ரிமீற்றர். றிங்கு வாங்குவோர் விட்டத்தைப் பார்ப்பது போதும். முசலமாகிய பிஸ்டனும் கிறாங்குத் தண்டும் வாங்குவோர் முழுக்குறியையும் எழுதிச் செல்லல் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களின் அமுக்கவிகிதம் பெற்றோல் இயந்திரத்தினதிலும் குறைவானதாகும். வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும் அவற்றின் தலையையும் பிஸ்டனையும் பெற்றோல் வகையினின்று மாற்றிப் பூட்டலாகாது. பூட்டினால் எஞ்சின் தட்டும், சூடேறும்.

சிக்கனம் பிடிக்கத்தக்க இடங்கள்

வெளியே உள்ளதும், பழுதுபட்டால் உடனே கண்ணுக்குத் தெரிவதும், ஐந்து நிமிடத்தில் மாற்றத்தக்கதும், உடைந்தால் வேறொன்றை உடைக்காததுமான பாகத்துக்கு மலிவுப் பொருள் போதும். தொடங்கு கயிறும் அதன் சுருள்வில்லும், வெளித்தகடுகள், கைப்பிடி, குழாய்க் கவ்விகள், வடிகூடை, தாங்கியின் மூடி, எரிபொருட் திறவி ஆகியன இவ்வகையின. பம்பியின் வாயிலுள்ள இறப்பர் மடல்வால்வையும் மலிவாக வாங்கலாம். அது கிழிந்தால் இயந்திரம் நீர் பிடிக்கத் தாமதிக்குமேயன்றி வேறு கேடு நேராது.

பெயறிங்கின் செய்தி தனியே கூறத்தக்கது. அதன் பக்கத்தில் பொறித்த எண் உலகெங்கும் ஒன்றே. மேற்கூறிய 163 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் கிறாங்குத் தண்டைத் தாங்குவது 6205. கடைசி ஈரெண்ணாகிய 05ஐ ஐந்தாற் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. எனக் கிடைக்கும், வெளிவிட்டம் 52, அகலம் 15. எஞ்சின் கம்பனியின் பெட்டியில் வருவதும், பெயறிங் விற்கும் கடையில் நற்பெயருள்ள தொழிற்சாலையின் பெட்டியில் வருவதும் ஒரே தொழிலைச் செய்யும், விலையோ வேறு. அவ்வாறு வாங்குதல் சிக்கனம். பெயரில்லாத பெயறிங்கை வாங்குதல் சிக்கனமன்று. ஒயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்களைக் கொண்டு அதையும் இவ்வாறே பெறலாம்.

எரிபொருட் குழாய் மலிவாக வாங்கத்தக்கதேயாயினும் ஒரு சோதனை செய்தபின்னரே பூட்டல் வேண்டும். தோட்டத்துக்கு நீர் விடும் சாதாரணக் குழாயைத் துண்டாக வெட்டிப் பூட்டுவோர் உளர். பெற்றோல் அதனை ஊதச்செய்து, பின் இறுகவும் வெடிக்கவும் செய்யும். வெடித்த குழாயிலிருந்து சொட்டும் பெற்றோலுக்கு அருகிலேயே சுடும் சைலன்சர் இருக்கின்றது. வாங்கும் குழாயிலிருந்து ஓரங்குலத் துண்டை வெட்டி, மூடிய போத்தலொன்றிற் பெற்றோலில் ஓரிரவு ஊறவிட்டு மறுநாள் வெட்டாத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஊதியதா, நொய்ந்ததா என்பது விளங்கும்.

சிக்கனம் பிடிக்கலாகாத இடங்கள்

எஞ்சினின் உள்ளே இருப்பவையும், உயிருக்குக் காவலாயிருப்பவையும் இப்பகுதிக்குரியன. உள்ளிருக்கும் பாகத்தை மாற்ற எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். மலிவான றிங்கு ஒன்றின் விலை 1,500 ரூபா, மூல றிங்கின் விலை 5,000 ரூபா எனக் கொள்வோம். காஸ்கெற்றுக்கும் ஒயிலுக்கும் 2,500 ரூபாவும் கூலிக்கு 4,000 ரூபாவும் ஆகுமெனின், மலிவு றிங்கோடு மொத்தச் செலவு 8,000 ரூபா. மூல றிங்கோடு 11,500 ரூபா. பாகங்களின் விலை மூன்று மடங்குக்கு மேல் வேறுபட்டும் திருத்தச் செலவு ஒன்றரை மடங்கு கூட வேறுபடவில்லை. மலிவு றிங்கு ஒரு போகமும் மூல றிங்கு மூன்று போகமும் உழைக்குமாயின், மூன்று போகத்துக்கு முன்னையது 24,000 ரூபாவை விழுங்கும். கமக்காரர் தத்தம் ஊரின் விலைகளை இட்டு இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். காஸ்கெற், ஒயில், கூலி ஆகியவை இரண்டு வழியிலும் ஒன்றே என்பதைக் கடைமேசையில் நிற்கும்போது மறந்துவிடுவது இயல்பு.

றிங்குகளின் உலோகம் மென்மையாயின் அவை தாமே விரைவில் தேயும். மிகக் கடினமாயின் உருளையைத் தேய்க்கும். முன்னையது பணநட்டம், பின்னையது இயந்திர நட்டம். வாங்கிய றிங்கை உருளையினுள் தனியே இட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, வாயின் இடைவெளியை அளவுத் தகட்டால் அளத்தல் வேண்டும். மேற்கூறிய எஞ்சினுக்குப் புதிய றிங்கில் அது 0.2 முதல் 0.4 மி.மீ. வரை இருத்தல் முறை, 1 மி.மீ. ஆகிவிட்ட றிங்கு கழிக்கத்தக்கது. புது றிங்கே அதிக இடைவெளி காட்டினால் ஒன்றில் றிங்கு தவறு, அன்றேல் உருளை தேய்ந்துவிட்டது. 68 மி.மீ. உருளை 68.165 மி.மீ.க்கு மேல் அகன்றிருப்பின் புதிய றிங்கால் பயனில்லை. அதை அறியாது மூல றிங்கு வாங்குவதும் வீண் செலவே.

இணைப்புத் தண்டு, அதாவது கொனெக்ரிங் றொட், இச்சிறு எஞ்சின்களில் அலுமினியத்தால் ஆனது. தனியான பெயறிங் இன்றி அவ்வலுமினியமே கிறாங்குத் தண்டின்மேற் சுழல்கின்றது. நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும்போது அது முறிந்தால் எஞ்சினின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளிவருவதுண்டு. அதன்பின் திருத்துவதற்கு ஒன்றும் எஞ்சாது. இத்தண்டையும் அதன் போல்ற்றுகளையும் மூலமாகவே வாங்கல் வேண்டும். முன்னர் பூட்டிக் கழற்றிய போல்ற்றில் இழை சிதைந்திருப்பின் மீண்டும் பாவிக்கலாகாது. அவற்றை இறுக்கும் அளவு 12 நியூற்றன் மீற்றர் மட்டுமே. கையின் பலத்தைக் காட்டி இறுக்குவோர் மூலப் பாகத்தையும் கெடுத்துவிடுவர்.

வேகக் கட்டுப்படுத்தியின் பற்சில்லு, நெம்பு, வில் ஆகியவற்றிலும் மலிவு கூடாது. பம்பி நீரைத் தவறவிட்டுச் சுமை நீங்கும் கணத்தில் எஞ்சின் கட்டுக்கடங்காது ஓடாமல் தடுப்பது இப்பாகமே. வேறொரு எஞ்சினின் வில்லைப் பூட்டி, “இப்போது நன்றாக இழுக்கின்றது” என்று மகிழ்வோர் உளர். அவ்வாறு இழுப்பது எஞ்சினின் ஆயுளையே. பறப்புச்சில்லும் அவ்வாறே. வார்ப்பிற் குற்றமுள்ள சில்லு மிகை வேகத்திற் பிளந்தால் அருகில் நிற்பவருக்கு உயிராபத்து உண்டு.

பிளக்கின் விலை சிறிது, போலியும் மலிந்தது. நம்பிக்கையான கடையில் தெரிந்த பெயருள்ளதை வாங்கி, முனைகளின் இடைவெளியை 0.7 முதல் 0.8 மி.மீ. வரை அமைத்தல் போதும். வளிவடியும் இவ்வாறே. நம் செம்மண் நிலத்தில் எழும் தூசியில் மணலின் நுண்துகள் உண்டு. அது ஒயிலோடு கலந்தால் உருளையை அரைக்கும் பசையாகிவிடும். வடியின் விளிம்பு சரியாகப் பொருந்தாவிடின், துணி எவ்வளவு நல்லதாயினும் தூசி பக்கவழியாகப் புகும். புதிய வடியைப் பூட்டும்போது விளிம்பில் மெல்லிய கிறீஸ் பூசி, பத்து மணி நேரம் ஓட்டியபின் கழற்றிப் பார்த்தால், கிறீசில் தூசிக்கோடு உள்ளதா என்பது காட்டிக்கொடுக்கும்.

இரு பக்கமும் நியாயமுள்ள பாகங்கள்

காபறேற்றரைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மூலக் காபறேற்றர் விலையுயர்ந்தது. மலிவானது அதன் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். பெரும்பாலும் பழையது கெட்டிருப்பதில்லை. போகம் முடிந்தபின் உள்ளே விட்ட பெற்றோல் வற்றிப் பிசினாகி நுண்துளைகளை அடைத்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவி, ஊசிவால்வும் காஸ்கெற்றும் மட்டும் புதிதாக இடுவதே முதல் வழி. துளையைக் கம்பியாற் குத்துதல் கூடாது. பித்தளைத் துளை பெரிதாகிவிடும். உடல் அரிக்கப்பட்டிருப்பின் மலிவுக் காபறேற்றரை வாங்குதலிற் குற்றமில்லை. ஆனால் அதன் பிரதான துளையின் அளவு வேறாயிருக்கலாம். ஒருமணி நேரம் சுமையோடு ஓட்டியபின் பிளக்கின் முனையைப் பார்த்தல் வேண்டும். தேநீரின் நிறமாயின் நன்று. வெள்ளையாக வெந்திருப்பின் எரிபொருள் குறைவு. அந்நிலையிற் தொடர்ந்து ஓட்டினால் வால்வு கருகும், பிஸ்டன் பற்றும். பழைய காபறேற்றரின் துளைத்திருகைக் கழற்றிப் புதியதற் பூட்டினாற் பல வேளைகளில் இக்குற்றம் நீங்கும்.

பம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையே நீரைத் தடுக்கும் பொறிமுறைச் சீல், காபன் முகமும் சுட்ட களிமண் போன்ற வெண்முகமும் ஒன்றோடொன்று உராய்ந்து சுழல்வதால் வேலை செய்கின்றது. நல்ல நீருள்ள கிணற்றுக்கு மலிவுச் சீல் ஓரளவு போதுமானது. கரையோரக் கிணறுகளின் உவர்நீரில் மலிவுச் சீலின் வில் துருப்பிடித்து விரைவில் இளகும். அங்கே துருவேறா உருக்கு வில்லுள்ளதையே வாங்கல் வேண்டும். எவ்வகையாயினும் முகங்களில் விரலழுக்குப் படாது பூட்டி, பம்பியை நீரால் நிரப்பாது ஒருபோதும் ஓட்டலாகாது. வறட்டோட்டத்தில் வெண்முகம் சூடேறி வெடிப்பது மூலச் சீலுக்கும் பொது. பம்பிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியதும் சீலை மாற்றுதல் நன்று. தாமதித்தால் நீர் எஞ்சினுட் புகுந்து ஒயில் பால்போல் வெளுக்கும். பின்னர் மாற்ற வேண்டியது சீலை மட்டுமன்று.

இனி, மூலப் பாகம் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை ஆகுமென்றும், தோட்டத்தில் மிளகாய் வாடுகின்றதென்றும் கொள்வோம். அப்பொழுது கிடைக்கும் மாற்றுப் பாகத்தைப் பூட்டி இறைத்துப் பயிரைக் காப்பாற்றுவதே அறிவுடைமை. மூலப் பாகத்துக்குச் சொல்லிவைத்து, போகம் முடிந்தபின் மாற்றிக்கொள்ளலாம். இந்நெருக்கடி வராதிருக்க வேண்டுமாயின், மழையுள்ள கார்த்திகை, மார்கழி மாதங்களில் இயந்திரத்துக்கு வேலையில்லாதபோதே அதனைத் திறந்து பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இயந்திரத்தின் வயதும் பெறுமதியும் கணக்கிலெடுக்கத்தக்கன. பழைய மூல எஞ்சினின் உருளையும் கிறாங்குத் தண்டும் நல்ல நிலையிலிருப்பின் மூலப் பாகமிட்டு அதைக் காப்பது பொருந்தும். ஆனால் சீனப் பின்பற்றல் எஞ்சின் ஒன்றுக்கு, அதன் முழு விலையிற் பாதி பெறுமதியான மூலப் பாகங்களை இடுவது கணக்குக்கு ஒவ்வாது. அதற்குத் தெரிந்த பெயருள்ள மாற்றுப் பாகமே தக்கது. உருளையும் கிறாங்கும் இரண்டுமே கெட்டுவிட்டால், பழைய பம்பியை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் புதிதாக வாங்குவது பல வேளைகளில் இலாபமானது. அப்போது புதிய எஞ்சினின் தண்டு பழையதைப்போல் இழையிட்டதா, சாவியிட்டதா, நீளமும் தடிப்பும் ஒன்றா என அளந்தபின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

கடையிற் கவனிக்க வேண்டியவை

கழற்றிய பாகத்தைக் கழுவிக் கையோடு கொண்டுசெல்லல் வேண்டும். வாய்ச்சொல்லால் பாகம் வாங்குதல் கூடாது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து உயரம், துளை, விளிம்பு, நிறை ஆகியவற்றை ஒப்பிடுக. வார்ப்பின் ஓரத்தில் கூர்ப்பிசிறு நிற்பதும், கடைந்த முகத்தில் அலையலையாகக் கோடு தெரிவதும், பாக எண் அச்சிற் கலங்கியிருப்பதும் நல்ல குறிகளல்ல. மூலப் பாகமென்று கூறி விற்பவரிடம் பாக எண்ணும் “மூலம்” என்னும் சொல்லும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதை எழுதத் தயங்குபவரிடம் மூல விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி பொருளைப் பற்றிப் பொய்யான விவரங் கூறி விற்றல் குற்றமாகும். முறையிடுவதற்குப் பற்றுச்சீட்டே சான்று.

கிணற்றுள் இறக்கலாகாது

பாகத்தின் தரத்தோடு தொடர்பில்லாததாயினும் இங்கு கூறாது விடத்தகாத செய்தி ஒன்றுண்டு. நீர்மட்டம் கீழிறங்கும்போது சிலர் இயந்திரத்தைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுகின்றனர். எஞ்சினின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் தேங்கி, இறங்குபவரை அவர் உணருமுன்னரே மயங்கச் செய்து கொல்லும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே மடிவர். புதிய சைலன்சரோ மூலக் காபறேற்றரோ இந்நஞ்சை நீக்கமாட்டா. எஞ்சினை நிறுத்தியபின்னும் நெடுநேரம் அது கிணற்றுள் நிற்கும். ஆழமான கிணறுகளுக்கு நீரினுள் அமிழும் மின்பம்பியே ஏற்றது.

பூட்டியபின்

உள்ளுறுப்புகளைத் திறந்த எஞ்சினுக்குப் பழைய ஒயிலை மீண்டும் ஊற்றுதல் கூடாது. 163 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 0.6 இலீற்றர் போதும். அளவுக்கு மேல் ஊற்றினால் ஒயில் வளிவடிக்குள் ஏறும். தலையின் போல்ற்றுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று முறையிற் சிறிது சிறிதாக 24 நியூற்றன் மீற்றர் வரை இறுக்குக. கொயிலுக்கும் பறப்புச்சில்லுக்கும் இடையே 0.4 மி.மீ. அளவு இடைவெளி வேண்டும். வால்வு இடைவெளியை எஞ்சின் முற்றாகக் குளிர்ந்தபின்னரே அமைத்தல் வேண்டும். இவ்வகையின் பழைய மாதிரிகளுக்கு உள்ளெடுவால்வில் 0.15, வெளியேற்றுவால்வில் 0.20 மி.மீ. ஆகும். புதிய மாதிரிகளின் அளவு வேறாதலால் கைந்நூலைப் பார்க்க. கைந்நூல் இல்லாதோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியர் வாயிலாகக் கேட்டறியலாம்.

புதிய றிங்கிட்ட எஞ்சினை முதற் சில மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டாது, அரை வேகத்தில் ஓட்டி இடையிடையே ஆறவிடுதல் நன்று. இருபது மணி நேரத்தில் முதல் ஒயிலை, எஞ்சின் சூடாயிருக்கும்போதே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அதன்பின் நூறு மணிக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வடித்த ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்து, மின்னும் உலோகத் துகள்கள் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்தி, திருத்தியவரிடம் அத்துணியோடு மீண்டும் கொண்டுசெல்லுக.